பண்டிகைக்கு ஊருக்குப் போகிறீர்களா?

ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று வாசலில் வாடத் தொடங்கியதும், பெங்களூரில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். "டிக்கெட் கிடைச்சிடுச்சா?" உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். கிடைத்தவர் முகத்தில் லாட்டரி விழுந்த மகிழ்ச்சி. கிடைக்காதவர் தம் அலுவலகத்தையும் ரயில்வேயையும் ஒருசேரத் திட்டிவிட்டு நகர்வார்.

நானும் இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தக் கூட்டத்தில் ஒருவன். சொந்த ஊர் லால்குடி. பிழைப்பு பெங்களூரில். ஊருக்குப் போவது இன்பம். போய்ச் சேர்வதுதான் துன்பம். அந்தப் பதற்றத்தைக் குறைத்துக்கொள்ளச் சில வழிகளை அனுபவத்தில் கற்றிருக்கிறேன். நம் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். ஆனால் கற்ற விதம் பெருமைக்குரியதல்ல. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2014ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 22, புதன்கிழமை. செவ்வாய் மாலை வரை எனக்கு அலுவலகம். ஒரு நாள் கூடுதலாக விடுப்புக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ரயிலில் இடமில்லை. மடிவாளாவில் இரவு ஒன்பது மணிக்கு வரவேண்டிய ஆம்னி பஸ்ஸில் நான்கு இருக்கைகள் பிடித்தேன். அப்பாவுக்கு போன் செய்து, "விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாசல்ல நிப்போம்ப்பா. சேர்ந்தே எண்ணெய் தேய்ச்சுக்கலாம்" என்று வாக்குக் கொடுத்தேன். எவ்வளவு எளிதாக வாய் அதைச் சொல்லிவிட்டது!

பஸ் வந்தது இரவு பதினொன்றுக்கு. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டும்போது மணி இரண்டு. ஓசூர் சாலை முழுவதும் சிவப்பு விளக்குகள்தான் தெரிந்தன. ஏழு வயது மகள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை "அப்பா, ஊரு பந்த்தா?" என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்கு வயது மகன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். மாற்றுச் சட்டை டிக்கியில் இருந்த பெட்டிக்குள். "ஏங்க, ஒரு நாள் முன்னாடியே கிளம்பியிருக்கலாம்ல?" என்றாள் மனைவி. எரிந்து விழுந்தேன். கிருஷ்ணகிரி தாண்டியபோது என் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தது. அவளுடையது ஏற்கெனவே தீர்ந்திருந்தது.

திருச்சியில் இறங்கி, லால்குடி வீட்டை அடைந்தபோது காலை பத்தரை மணி. வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. எனக்குக் கால்கள் ஓடவில்லை.

நடந்தது இதுதான். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். வழக்கம்போல் காலை ஆறரைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். அம்மா இட்லியை எடுத்து வைத்திருக்கிறார். "பிள்ளைங்க வந்துடட்டும், குளிச்சிட்டுச் சேர்ந்து சாப்பிடலாம்" என்று திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். எட்டரை மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கியிருக்கிறது. ஊசி போட்டவர் உரிய நேரத்தில் சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை வேகமாக இறங்கிவிடும். உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. உடனே சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, டாக்டரையும் அழைத்திருக்கிறார்.

நான் உள்ளே போனபோது அப்பா கட்டிலில் படுத்திருந்தார். அருகே முக்காலியில் நல்லெண்ணெய்க் கிண்ணம். "வந்துட்டியா? எண்ணெய் ஆறிப்போச்சு. அம்மாவைச் சூடு பண்ணச் சொல்லு" என்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் என்னை இன்றுவரை சுடுகிறது.

அன்றுதான் ஒன்று விளங்கியது. பண்டிகைப் பயணத்தில் பதற்றப்படுகிறவர் பஸ்ஸில் இருப்பவர் மட்டுமல்லர். ஊரில் வழி பார்த்து உட்கார்ந்திருப்பவரும்தான். நாம் கொடுக்கும் நேரமே இருவரையும் கட்டிப்போடுகிறது.

இந்த நெருக்கடிக்கு நம் சோம்பல் மட்டும் காரணமல்ல. ஊரில் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று மூன்று நாள் கொண்டாட்டம். கர்நாடகத்தில் மகர சங்கராந்திக்கு ஒரே நாள்தான் விடுமுறை. தீபாவளியிலும் அப்படித்தான். இங்கே நரக சதுர்த்தசிக்கும் பலிபாட்யமிக்கும் விடுமுறை வரும்; பெரும்பாலும் நடுவில் ஒரு வேலை நாள் நிற்கும். நமக்கோ நரக சதுர்த்தசி விடியற்காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்தாக வேண்டும். ஆகவே இந்நகரத்துத் தமிழர் எல்லாரும் ஒரே மாலையில், ஒரே சாலையில் இறங்குகிறோம். சாலை என்ன செய்யும், பாவம்!

அடுத்த ஆண்டு முதல் எங்கள் வீட்டில் செய்துகொண்ட மாற்றங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நாள். பண்டிகைக்கு முந்திய இரவில் கிளம்புவதில்லை என்று முடிவு செய்தோம். விடுப்புக் கிடைத்தால் இரண்டு நாள் முன்பே போவோம்; கிடைக்காவிட்டால் பண்டிகையன்று பகலில் கிளம்புவோம். அந்தப் பகலில் ஓசூர் சாலை நம் வீட்டு முற்றம் போல் விரிந்து கிடக்கும். பண்டிகைக்கு மறுநாள் நமக்குத் தீபாவளி. இதை அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நீ வர்ற அன்னிக்குத் தேய்ச்சாலும் எண்ணெய் எண்ணெய்தானேடா" என்றார். இத்தனை வருடம் நான்தான் பயந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது, டிக்கெட். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். ஜனவரி 13ஆம் தேதி வண்டிக்கு நவம்பர் 14 காலை எட்டு மணிக்குப் பதிவு திறக்கும். குழந்தைகள் தினம் என்று நினைவு வைத்துக்கொண்டால் மறக்காது. திரும்பும் டிக்கெட்டையும் அதற்குரிய நாளிலேயே எடுத்துவிடுங்கள். போகும் கூட்டத்தைவிடத் திரும்பும் கூட்டம் பொல்லாதது.

இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசிவரை காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்து ஏற முடியாது. ஆர்.ஏ.சி. ஆகிவிட்டால் ஏறலாம், உட்கார இடம் உண்டு. தட்கல் முந்திய நாளில், ஏ.சி. வகுப்புக்குப் பத்து மணிக்கும் மற்றவற்றுக்குப் பதினொரு மணிக்கும் திறக்கும். 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அதை அன்று காலையில் செய்ய உட்காராதீர்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இரவு வண்டிகளையே நம்பியிருந்த நமக்குப் பகல் வண்டியும் வந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய மதுரை–பெங்களூர் கன்டோன்மென்ட் வந்தே பாரத், சேலம், நாமக்கல், கரூர், திருச்சி, திண்டுக்கல் வழியாகப் போகிறது. கோவைப் பக்கம் போகிறவர்களுக்கு 2023 டிசம்பர் 30 அன்று தொடங்கிய கோவை வந்தே பாரத் இருக்கிறது. கட்டணம் கூடுதல்தான். பெரியவர்களை அழைத்துப் போகும்போது அதன் அருமை தெரியும்.

மூன்றாவது, நகரைத் தாண்டுவது. நம் பயணத்தில் பாதி வேதனை சில்க் போர்டுக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில்தான். 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. ரோடு–பொம்மசந்திரா மெட்ரோ தடம் திறந்தது. கைச்சுமை குறைவாக இருந்தால் பொம்மசந்திரா வரை மெட்ரோவில் போய், அங்கிருந்து ஓசூருக்குப் பஸ் பிடிக்கலாம். ஓசூர் பஸ் நிலையத்திலிருந்து தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கும் அரசுப் பேருந்துகள் உண்டு. இறங்கி ஏறும் சிரமம் இருக்கிறது. ஆனால் ஓடாத பஸ்ஸில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும் எரிச்சல் இல்லை.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாள் முழுதும் அலுவலகத்தில் உழைத்துவிட்டு இரவெல்லாம் ஓட்டாதீர்கள். நள்ளிரவுக்குப் பின், குறிப்பாக இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை, கண் தானாகச் சொருகும். ஜன்னலைத் திறந்தாலும் பாட்டுப் போட்டாலும் தூக்கம் போகாது. வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குவதே மருந்து. தருமபுரி தாண்டித் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் லாரிகளோடு போட்டி வேண்டாம். கியரைக் குறைத்து மெல்ல இறங்குங்கள்.

நான்காவது, கைப்பை. எங்கள் வீட்டில் இப்போது "மடிப் பை" என்று ஒன்று உண்டு. அது டிக்கிக்குப் போகாது, மடியில்தான் இருக்கும். அதில் அன்றாட மருந்துகள், மருந்துச் சீட்டு, குழந்தைக்கு ஒரு மாற்றுடை, இரண்டு பிளாஸ்டிக் பை, துண்டு, தண்ணீர், பிஸ்கட், கொஞ்சம் சர்க்கரை, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் இருக்கும். இன்சுலினை வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் வைத்தால் கெட்டுவிடும். பயணத்தில் குமட்டும் பிள்ளைகளுக்குப் புறப்படுமுன் வயிறு நிறையக் கொடுக்காமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். முன்பக்க இருக்கையில் உட்கார வைத்து, தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் படம் பார்த்தால் குமட்டல் அதிகமாகும்.

பெண்கள் வழியில் கழிப்பறை இராது என்று தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். தலைவலியும் நீர்க்கடுப்பும் வர இதுவே போதும். எங்கே நிறுத்துவார்கள் என்று ஏறும்போதே ஓட்டுநரிடம் ஆண்கள் கேட்டு வைக்கலாம். கேட்பதில் கௌரவம் குறையாது.

பட்டாசைப் பையில் வைத்து ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறாதீர்கள். ரயிலில் கொண்டுபோனால் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஊரிலும் பட்டாசு கிடைக்கும். படுக்கை பஸ்ஸில் ஏறியதும் அவசர வழியும் கண்ணாடி உடைக்கும் சுத்தியலும் எங்கே என்று பார்த்துப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். 2013 அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, பெங்களூரிலிருந்து ஐதராபாத் சென்ற பஸ் மெகபூப்நகர் மாவட்டத்தில் தீப்பிடித்து 45 பேர் இறந்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பார்த்து வைக்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

ஐந்தாவதுதான் மிக முக்கியம். ஊரில் இருப்பவர்களுக்கு நாளைச் சொல்லுங்கள், மணியைச் சொல்லாதீர்கள். "புதன்கிழமை வர்றோம். எப்ப வர்றோமோ அப்ப வர்றோம். நீங்க சாப்பிட்டு, மாத்திரை போட்டுத் தூங்குங்க" என்று சொல்லிவிடுங்கள். தாமதமானால் பெரியவர்களுக்கு நேரே போன் போட்டுக் கலவரப்படுத்தாமல் தம்பிக்கோ பக்கத்து வீட்டுக்கோ தகவல் கொடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் வீட்டில் இருந்தால், வியர்வை, நடுக்கம், குழப்பம் கண்டால் நினைவிருக்கும்போதே சர்க்கரை கொடுக்க வேண்டும் என்பதையும், மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

மணிக் கணக்கை விட்டதும் இன்னொரு மாற்றத்தைக் கண்டேன். சாலை நெரிசல் குறையவில்லை. ஆனால் எனக்கு ரத்தம் கொதிப்பது குறைந்தது. யாரும் காத்துக்கொண்டு நிற்கவில்லை என்று தெரிந்தால் தொப்பூர் டீக்கடையில் நின்று ஒரு டீயை நிதானமாகக் குடிக்கலாம். மனைவியிடம் எரிந்து விழவும் தோன்றாது.

அப்பா அதற்குப் பின் ஆறு தீபாவளி பார்த்தார். அந்த ஆறும் மறுநாள் தீபாவளிதான். நாங்கள் போய்ச் சேரும்போது அவர் சாப்பிட்டு முடித்து, திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். பேத்தி தலையில் எண்ணெய் வைக்கும் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

இப்போது அம்மா தம்பியோடு இருக்கிறார். இந்த ஆண்டும் போன் செய்து நாளைச் சொல்லிவிட்டேன். "எத்தனை மணிக்குப்பா வருவே?" என்று வழக்கம்போல் கேட்டார். "நீங்க சாப்பிட்ட பிறகு வருவேம்மா" என்றேன்.