வார்ப்பு அலுமினியத்தின் இளைப்பும் முறிவும்

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. உலோகவியலார் கண்ட உண்மையொன்று இதனுள் அடங்கியுள்ளது. ஒருமுறை தாக்குங்கால் யாதொரு தீங்கும் செய்யாத சிறு தகைப்பு, இலட்சக்கணக்கான முறை தாக்குமாயின் உறுதியான உலோகமும் முறிந்துபோம். இதனையே உலோகத்தின் இளைப்பு என்பர். 1842 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் வெர்சாயிலிருந்து பாரிசு நோக்கிச் சென்ற புகைவண்டியின் எந்திர அச்சு முறிந்தமையால் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜெர்மானியப் பொறியியலாளர் வோலர் புகைவண்டி அச்சுக்களைப் பல்லாண்டு சோதித்து, தகைப்பின் அளவுக்கும் முறிவுவரை அது தாக்கும் தடவைகளுக்கும் உள்ள தொடர்பை நிறுவினார்.

இவ்வுண்மையை உணரத் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. மடவளையிலிருந்து வத்தேகமைக்கும் கண்டிக்கும் செல்லும் பாதைகள் ஏற்றமும் இறக்கமும் வளைவும் மிக்கவை. அவற்றிலே ஆட்களையும் பொதிகளையும் சுமந்து செல்லும் முச்சக்கரவண்டியின் எஞ்சினை நோக்குக. நால்வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலுமாயின், உருளையினுள் 1500 முறை எரிபொருள் வெடிக்கும். மணிக்கு 90,000 முறை. ஏறத்தாழ 111 மணி நேர ஓட்டத்தில் அத்தொகை ஒரு கோடியாகும். அத்தனை அடியையும் தாங்குவன அலுமினிய வார்ப்பாலாகிய பிஸ்டனும் உருளைத்தலையுமே.

அலுமினியத்தின் அடர்த்தி இரும்பினதில் மூன்றிலொரு பங்களவே. வெப்பத்தையும் அது விரைந்து கடத்தும். 1903 இல் ரைட் சகோதரரின் விமான எஞ்சினுக்குச் செப்புக் கலந்த அலுமினிய வார்ப்பே உடலாயிற்று. இக்காலத்து உருளைத்தலைகளிற் பல, நூற்றுக்கு ஏழு பங்களவு சிலிக்கனும் சிறிது மகனீசியமும் சேர்ந்த கலப்புலோகத்தாலானவை. சிலிக்கன் சேர்வதால் உருகிய உலோகம் அச்சின் நுண்ணிய இடங்களிலும் எளிதிற் பாயும்.

எனினும் குறையொன்று உண்டு. உருக்குக்குப் பொதுவாக ஓர் எல்லையுண்டு. தகைப்பு அவ்வெல்லைக்குக் கீழிருப்பின் எத்தனை முறை தாக்கினும் அது முறிவதில்லை. அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. மேலும், வார்க்கும்போதே வெடிப்பின் வித்து விழுந்துவிடுகின்றது. உருகுநிலையில், திரவ அலுமினியம் திண்ம அலுமினியத்தைவிட ஏறத்தாழ 20 மடங்கு ஐதரசனைக் கரைத்து வைத்திருக்கும். இறுகும்போது வெளிப்படும் அவ்வாயு நுண்துளைகளாக நின்றுவிடுகின்றது. கலங்க ஊற்றினால் மேற்பரப்பின் ஒட்சைட்டுப் படலமும் மடிந்து உட்புகும். சிலிக்கன் ஊசிபோற் படிவதும் தீதே. சோடியத்தைச் சிறிதளவு சேர்த்தால் அவ்வூசிகள் நுண்ணியனவாகும் என்பதை அலதார் பாக்ஸ் 1920 அளவிற் கண்டார். துளையும் படலமும் ஊசியும் தகைப்பைத் தம்மிடம் குவிப்பன. ஆதலின் வெடிப்பு ஆங்கே தோன்றும்.

எஞ்சினில் வெப்பமும் பகையாகின்றது. இரு வால்வுகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய பகுதி சூடேறி விரிய முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி அதனை விடாது நெருக்கும். நெருக்குண்டு நிலையாகச் சுருங்கிய அப்பகுதி, எஞ்சின் ஆறும்போது இழுவைக்கு உட்படுகின்றது. ஒவ்வொரு பயணத்திலும் இது நிகழ்வதால் வெடிப்பு சிறிது சிறிதாக வளரும்.

முறிந்த முகத்தை ஆராய்வோர்க்கு அதுவே சான்றாகும். கடலலை மணலில் விட்டுச்சென்ற வரிகளை ஒத்த கோடுகள், வெடிப்பு மெல்ல வளர்ந்த பகுதியில் அமைந்திருத்தல் உண்டு. எஞ்சிய உலோகம் சுமைதாங்காது ஒரே கணத்தில் முறிந்த பகுதியோ கரடுமுரடாயிருக்கும். முதற்பகுதி பெரிதாயின் வெடிப்பு நெடுநாள் மறைந்திருந்து வளர்ந்ததென்பது புலனாம்.

இவ்வறிவு நடைமுறைக்கும் பயன்படுவது. வார்ப்போர் உலோகத்தின் வாயுவை நீக்கி, அமைதியாக ஊற்றுதல் வேண்டும். சூடேறிய எஞ்சின்மீது குளிர்நீரைக் கொட்டுதல் ஆகாது. வெப்பப் பதனிட்ட உருளைத்தலையின் வெடிப்பைப் பற்றவைப்பின், அச்சூட்டால் அயலிலுள்ள உலோகம் தன் பதனை இழந்து மென்மையுறும். மீண்டும் பதனிடாவிடின் அவ்விடம் நலிந்தே நிற்கும். மலைப்பாதையில் வண்டியோட்டிப் பிழைப்போனுக்கு எஞ்சினே வாழ்வாதாரம். கண்ணுக்குத் தெரியாத துளையொன்று அவ்வாழ்வை இடைவழியில் நிறுத்தவல்லது. முறிவு ஒருநாளில் தோன்றினும், அதற்கான காரணம் வார்த்த அன்றே தோன்றியிருத்தல் கூடும்.