கையடக்கத் தொலைபேசியும் மூளையின் பாதுகாப்பும்

கையடக்கத் தொலைபேசி இன்று கையைவிட்டு அகலாத பொருளாகிவிட்டது. உறங்கும்போது தலையணையருகே இருப்பதும் அதுவே. விழித்ததும் காதருகே செல்வதும் அதுவே. எனவே, அதிலிருந்து வெளிப்படும் மின்காந்த அலைகள் பிள்ளைகளின் மூளைக் கலங்களைப் பாதித்துவிடுமோ எனப் பெற்றோர் அஞ்சுவது இயல்பானதே. அந்த அச்சத்தை எள்ளி நகையாடுவதும் முறையன்று. அதனை முதலாக்கி வியாபாரம் செய்வோரிடம் ஏமாறுவதும் முறையன்று.

இவ்வலைகள் எக்ஸ் கதிர்களைப் போன்றவையல்ல. மரபணு மூலக்கூறின் பிணைப்புகளை நேரடியாக முறிக்கும் ஆற்றல் இவற்றுக்கில்லை. ஐயமற நிறுவப்பட்டுள்ள விளைவு, திசுக்கள் சிறிதளவு வெப்பமடைவதே. எனினும் 2011 ஆம் ஆண்டு அமெரிக்காவில் 47 பேரிடம் நடத்தப்பட்ட பரிசோதனையொன்றில், 50 நிமிடங்கள் தொலைபேசி காதருகே இயங்கியபோது, அதன் அன்டெனாவுக்கு அண்மையிலுள்ள மூளைப்பகுதி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாகக் குளுக்கோஸைப் பயன்படுத்தியமை கண்டறியப்பட்டது. அது தீங்கானதா என்பதற்கு அவ்வாய்வில் விடையில்லை.

அதே ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், இவ்வலைகளைப் புற்றுநோயை ஏற்படுத்தும் சாத்தியமுள்ளவை என வகைப்படுத்தியது. 13 நாடுகளில் நடைபெற்று 2010 இல் வெளியான ஆய்வில், மிக நீண்ட நேரம் பேசியோரிடையே மட்டும் ஒருவகை மூளைக்கட்டி சற்று அதிகமாகக் காணப்பட்டமை இதற்கு ஒரு காரணமாகும். ஆனால் அக்கணக்கு நோயாளரின் ஞாபகத்தைச் சார்ந்தது என்பதால் உறுதியான முடிவாகக் கொள்ளப்படவில்லை. அந்த ஸ்தாபனத்தின் ஏற்பாட்டில் நடைபெற்று 2024 இல் வெளியான விரிவான மீளாய்வோ, தொலைபேசிப் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்றது.

அவ்வாறாயினும் செலவில்லாத முன்னெச்சரிக்கையைக் கைக்கொள்வதில் தவறில்லை. அலையின் செறிவு தூரம் கூடக்கூட விரைவாகக் குறைந்துவிடும். ஒலிபெருக்கி வசதியையோ காதணி ஒலிவாங்கியையோ பயன்படுத்தினாலே தலை பெறும் அளவு பெரிதும் குறைந்துவிடுகிறது. சமிக்ஞை குன்றிய இடங்களில் தொலைபேசி கூடுதல் வலுவுடன் அலைகளை வெளியிடும். அங்கு நீண்ட உரையாடலைத் தவிர்க்கலாம். கோபுரம் தொலைவில் இருந்தால் பாதுகாப்பு என எண்ணுவோர், அதனால் காதருகேயுள்ள கருவியே அதிகம் உழைக்க நேர்வதை மறந்துவிடுகின்றனர்.

கதிர்வீச்சைத் தடுப்பதாகக் கூறி விற்கப்படும் ஒட்டிகளை நம்புவதில் பயனில்லை. அத்தகைய பொருட்களை விற்ற நிறுவனங்கள் மீது அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2002 இலேயே வழக்குத் தொடர்ந்தது. அலை வெளிப்படுவது காது வைக்கும் துவாரத்தினூடாக மட்டுமன்று, கருவி முழுவதிலிருந்துமாகும்.

நிரூபிக்கப்படாத ஆபத்துக்கு அஞ்சும் நாம், நிரூபிக்கப்பட்டதை அலட்சியம் செய்கின்றோம். வாகனம் செலுத்தியவாறு தொலைபேசியில் பேசுவது விபத்தில் முடியும்; நள்ளிரவு வரை திரையை நோக்கியிருப்பது பிள்ளைகளின் உறக்கத்தைக் கெடுக்கும். மூளையைக் காப்பதில் அக்கறையுள்ள பெற்றோர் இன்றிரவே செய்யக்கூடியது ஒன்றுண்டு: தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிடுவது.