மின்சார வேனில் ஏசி ஹோஸ் மாற்றப் போகிறீர்களா?

பார்சல் ஏற்றும் மின்சார வேனில் ஏசி குளிர்ச்சி குறைந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "ஹோஸ் லீக் ஆகுது, மாத்திட்டு கேஸ் போட்டுடலாம்" என்கிறார்கள். டீசல் வண்டியில் பலமுறை பார்த்த வேலைதானே என்று நாமும் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஆனால் மின்சார வண்டியில் இதே வேலை தவறாக நடந்தால் விலை அதிகமான கம்ப்ரசர் பழுதாகலாம், வண்டியே கிளம்பாமல் நிற்கலாம், வேலை செய்பவரின் உயிருக்கும் ஆபத்து வரலாம். அப்புறம் பொறுப்பு யாருடையது என்று கேட்கப் போனால், பெரும்பாலானவர்கள் கையில் ஒழுங்கான பில்கூட இருப்பதில்லை. சொந்தமாக வேன் ஓட்டிப் பிழைப்பவர்கள் இந்த வேலையின் ஆபத்துகளையும் தங்கள் உரிமைகளையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

வித்தியாசம் எங்கே?

டீசல் வேனில் ஏசி கம்ப்ரசரை என்ஜின் பெல்ட் சுற்றுகிறது. மின்சார வேனில் என்ஜின் கிடையாது. கம்ப்ரசருக்குள்ளேயே ஒரு மோட்டார் இருக்கிறது. பல வண்டிகளில் அது வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியிலிருந்தே 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்கிறது. வாகனத் தரநிலைகள் 60 வோல்ட் டிசியைத் தாண்டியதையே உயர் மின்னழுத்தம் என்று வகைப்படுத்துகின்றன. ஆரஞ்சு நிறத்தில் ஓடும் கேபிள்கள் இந்த மின்சாரத்துக்கானவை. ஏசி ஹோஸின் ஒரு முனை, இந்தக் கேபிள் வந்து சேரும் அதே கம்ப்ரசரில்தான் பொருத்தப்பட்டிருக்கும்.

அடுத்தது ஆயில். கம்ப்ரசர் மோட்டாரின் காயில்கள் ஏசி கேஸிலும் ஆயிலிலும் நனைந்தபடியே ஓடுகின்றன. அதனால் அந்த ஆயில் மின்சாரத்தைக் கடத்தாததாக இருக்க வேண்டும். பெரும்பாலான மின்சார வண்டிகளில் இதற்காக பிஓஇ வகை ஆயில் பயன்படுகிறது. பெட்ரோல், டீசல் கார்களில் பொதுவாக இருப்பது பிஏஜி வகை. இது கலந்தால் மின்காப்பு குறையும். மின்சார வாகனப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-038 தரநிலை, டிசி மின்சுற்றில் ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் மின்காப்புத் தடை வேண்டும் என்கிறது. அதாவது 350 வோல்ட் வண்டியில் 35,000 ஓம். வண்டியின் கணினி இதைக் கண்காணிக்கிறது. அளவு குறைந்தால் டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும். சில வண்டிகள் மறுபடி ஸ்டார்ட் ஆகவே மறுக்கும்.

ஹோஸ் மட்டும் மாற்றும்போது தவறான ஆயில் எப்படி உள்ளே போகும் என்று கேட்கலாம். முந்தைய நாள் பெட்ரோல் காருக்குப் பயன்படுத்திய கேஜ் செட்டின் குழாய்களிலும் கேஸ் மெஷினிலும் பழைய ஆயில் தங்கியிருக்கும். புது ஓ-ரிங்கில் தடவும் ஆயில், கேஸோடு சேர்த்து ஏற்றும் ஆயில், லீக் பார்க்க விடும் டை எனப் பல வழிகளில் அது நுழையும்.

ஏசி இல்லாமலே ஓட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதற்கு முன்னும் ஒன்றைக் கவனியுங்கள். சில மின்சார வண்டிகளில் பேட்டரியைக் குளிர வைப்பதும் இதே கேஸ்தான். அங்கே லீக்கை அப்படியே விட்டால் வேகமாக சார்ஜ் ஆவதும் குறையும், பேட்டரியின் ஆயுளும் பாதிக்கப்படும். உங்கள் வண்டி அந்த வகையா என்பதை உரிமையாளர் கையேட்டைப் பார்த்தோ சர்வீஸ் சென்டரில் கேட்டோ தெரிந்துகொள்ளுங்கள்.

சரியான வேலை எப்படி நடக்கும்?

முதலில் லீக் உண்மையில் ஹோஸில்தானா என்று பார்க்க வேண்டும். மூட்டில் இருக்கும் சிறிய ஓ-ரிங் காய்ந்துபோனாலும் கேஸ் இறங்கும். லீக் டிடெக்டர் காட்டிய இடத்தையோ எண்ணெய்க் கறை படிந்த இடத்தையோ நேரில் காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்பதில் தவறே இல்லை.

ஹோஸ்தான் என்று உறுதியானால், வண்டி நிறுவனத்தின் முறைப்படி உயர் மின்னழுத்த இணைப்பைத் துண்டித்து, சொல்லப்பட்ட நேரம் காத்திருந்து, மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். மின்காப்புக் கையுறை இல்லாமல் ஆரஞ்சு கேபிளின் பக்கம் போகக்கூடாது. பிறகு கேஸை மெஷினில் மீட்டெடுக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் ஆர்-134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது. மூட்டைத் திறந்து பீய்ச்ச விட்டால் தோல் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதன் புவி வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு. அரை கிலோ கேஸைக் காற்றில் விடுவது ஏறக்குறைய 700 கிலோ கரியமில வாயுவை விடுவதற்குச் சமம்.

பிஓஇ ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை விரைவாக உறிஞ்சும். எனவே கழற்றிய முனைகளை உடனே மூடியிட்டு அடைக்க வேண்டும். ஓ-ரிங்குகளை மறுபடி பயன்படுத்தக்கூடாது. புது ஹோஸை மாட்டியதும் நைட்ரஜன் அழுத்தத்தில் லீக் பார்க்க வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை இதற்குப் பயன்படுத்துவது ஈரத்தை உள்ளே தள்ளும் வேலை. அடுத்து வேக்கம் பம்ப் போட்டு உறிஞ்சி, அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். எவ்வளவு கிராம், எந்த கேஸ் என்பது பானெட்டுக்குக் கீழே உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். எடை போட்டு ஏற்றுவதே முறை. கைக்குக் குளிர்ச்சி தெரியும்வரை ஏற்றுவது முறையல்ல.

வெளியே வெட்டி கிரிம்ப் செய்து தரும் ஹோஸ் மலிவு. ஆனால் ஏசி ஹோஸின் உட்புறத்தில் கேஸ் கசியாமல் தடுக்கும் நைலான் அடுக்கு இருக்க வேண்டும். தண்ணீர் ஹோஸோ ஹைட்ராலிக் ஹோஸோ அந்த வேலைக்கு ஆகாது.

சிலிண்டரில் இருப்பது என்ன?

போலி கேஸ் வெறும் பண இழப்போடு முடிவதில்லை. 2011-இல் குளிர்சாதனக் கப்பல் கன்டெய்னர்களின் கம்ப்ரசர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றப்பட்ட கேஸில் மெத்தில் குளோரைடு கலந்திருந்ததே காரணம். அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் பொருளை உண்டாக்கும். வேனின் ஏசியிலும் அலுமினியப் பாகங்கள் நிறைய உண்டு. எல்பிஜி போன்ற எரிவாயுக்களைக் கலந்து "இதுவும் நல்லா கூலிங் ஆகும்" என்று விற்பவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். உயர் மின்னழுத்தம் ஓடும் வண்டியின் மூடிய கேபினில் எரிவாயு கசிவது விபத்தை விலைக்கு வாங்குவது. லீக்கை அடைக்கும் திரவங்களும் வேண்டாம். அவை கம்ப்ரசரையும் கேஸ் மெஷினையும் கெடுக்கும்.

தொழிலுக்கு வாங்கிய வேன் என்றால் உரிமை இல்லையா?

"கமர்ஷியல் வண்டிக்கு கன்ஸ்யூமர் கோர்ட் போக முடியாது" என்று சில இடங்களில் மிரட்டுவார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வணிக நோக்கத்துக்காக வாங்கும் பொருளையும் சேவையையும் விலக்குவது உண்மை. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் எதிர்த்தரப்பாக இருந்த லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பிழைப்புக்காகத் தானே ஓட்டுவதற்கு ஆட்டோவோ லாரியோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்று அந்தத் தீர்ப்பு உதாரணமே காட்டுகிறது. இருபது வேன் வைத்து ஆட்களைப் போட்டு ஓட்டும் நிறுவனத்துக்கு இந்த விளக்கம் பொருந்தாது. ஒரு வேனைக் கடனில் வாங்கித் தானே ஓட்டுபவருக்குப் பொருந்தும். அதனால் எழுத்தில் தரும் எந்தப் புகாரிலும் "சுயதொழில் மூலம் பிழைப்புக்காக நானே ஓட்டும் வண்டி" என்ற விவரம் கட்டாயம் இடம்பெறட்டும்.

வேனை லீஸுக்கு எடுத்து ஓட்டுபவர்கள் முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பராமரிப்புச் செலவு யாருடையது, எந்த ஒர்க்‌ஷாப்பில் செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கும். உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வெளியே வேலை கொடுத்தால் சிக்கல் உங்கள் தலையில் விழும். வாட்ஸ்அப்பில் வந்த சம்மதத்தையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி போய்விடுமா?

வாரண்டி இருக்கும்வரை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் செய்வதே நல்லது. இந்த வேலைக்குத் தேவையான பயிற்சியும் கருவிகளும் அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். ஹோஸ் எத்தனை மாத வாரண்டியில் வருகிறது என்று வாரண்டி புத்தகத்தில் பாருங்கள். பேட்டரிக்கும் மற்ற பாகங்களுக்கும் காலவரம்பு வெவ்வேறாக இருக்கும்.

அதற்காக வெளியே ஒருமுறை வேலை பார்த்ததாலேயே முழு வாரண்டியும் ரத்து என்று சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 2014-இல் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையம், இப்படி ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது என்றது. வெளியே செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் கூறியது. அது கார்களைப் பற்றிய வழக்கு, மேல்முறையீடுகளுக்கும் போனது. என்றாலும் வாரண்டி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்பதற்கு அது வலு தருகிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தில் வாகனத் துறையும் இடம்பெற்றுள்ளது.

கையில் இருக்க வேண்டியவை

வண்டியை விடும்போதே ஜாப் கார்டு வாங்குங்கள். அதில் கிலோமீட்டரும் நீங்கள் சொன்ன குறையும் அப்போது எரியும் எச்சரிக்கை விளக்குகளும் பதிவாகட்டும். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்ததும் பில்லில் இவை வர வேண்டும்:

- ஹோஸின் பாக எண், நிறுவனம், அதற்குரிய வாரண்டி
- மாற்றிய ஓ-ரிங்குகள்
- ஏற்றிய கேஸின் வகையும் கிராம் கணக்கும்
- ஆயிலின் வகையும் அளவும்
- கூலியும் ஜிஎஸ்டியும் தனித்தனியாக

கழற்றிய பழைய ஹோஸைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பில் தராமல் இருப்பது 2019 சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்" என்று சொல்லி மிச்சப்படுத்தித் தரும் சில நூறு ரூபாய்க்காக உங்கள் ஆதாரத்தை இழக்காதீர்கள்.

பிரச்சினை வந்தால்

வேலை முடிந்து சில நாளில் மின்காப்பு எச்சரிக்கை வந்தாலோ ஏசி மறுபடி நின்றாலோ, உடனே வேறு இடத்தில் பிரிக்க விடாதீர்கள். டாஷ்போர்டைப் படம் எடுங்கள், ஃபால்ட் கோடைப் பதிவு செய்யுங்கள். முதலில் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் புகார் கொடுத்து, சரிசெய்ய நியாயமான அவகாசம் கொடுங்கள். அவர்கள் மறுத்தால், பழுதுபார்க்கும் முன்பே தகுதியான வேறொரு இடத்தில் சோதனை அறிக்கை வாங்குங்கள். மின்காப்பு அளவும், கம்ப்ரசரிலிருந்து எடுத்த ஆயிலின் நிலையும் அதில் இருந்தால் வழக்குக்குப் பெரிய பலம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் இலவசமாகப் புகார் பதிவு செய்யலாம். பலரின் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் மனு செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தாமதம் ஆகலாம். கேட்கும் இழப்பீட்டில் பழுதுச் செலவோடு வண்டி நின்ற நாள்களின் வருமான இழப்பையும் சேருங்கள். அதற்கு டெலிவரி நிறுவனம் முந்தைய மாதங்களில் செலுத்திய தொகைக்கான வங்கிக் கணக்கு விவரம் நல்ல ஆதாரமாகும். சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்கு உட்பட்டோருக்கு அது இலவசம்.

மெக்கானிக்குக்கும் உரிமை உண்டு

பயிற்சியும் கையுறையும் தராமல் உதவியாளரை மின்சார வண்டியில் கை வைக்கச் சொல்வது குற்றத்துக்கு நிகரான அலட்சியம். வேலையின்போது மின்சாரம் தாக்கினாலோ கேஸால் காயம் பட்டாலோ, இஎஸ்ஐ வழியாகவோ, அது பொருந்தாத இடங்களில் தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்ட விதிகளின்படியோ நிவாரணம் கேட்கலாம். தெரியாத வேலையை மறுக்கும் மெக்கானிக்கை வாடிக்கையாளர் மதிக்க வேண்டும்.

கடைசியாக, ஓட்டுநர் கேபினில் ஏசி ஆடம்பரம் அல்ல. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் கேபினில் ஏசி கட்டாயம். அதற்குக் கீழுள்ள சிறிய வேன்கள் அந்த விதிக்குள் வரவில்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் அறிவித்த தமிழ்நாட்டில் மே மாதம் முழுக்க வேன் ஓட்டுபவருக்கு இது உடல்நலப் பிரச்சினை. எனவே ஏசியைச் சரிசெய்யத் தயங்காதீர்கள். மின்சார வண்டியில் பழகியவரிடம் கொடுங்கள், ஆயில் எது, கேஸ் எது என்று கேளுங்கள், முழு விவரத்தோடு பில் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.