பதினான்கு வயதில் ஒரு தொப்பி

உங்கள் வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை இருந்தால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தக் கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். நான் சொல்ல வந்தது அந்த வயதுப் பிள்ளைகளுக்காகவே எழுதிய ஓர் ஆங்கில எழுத்தாளரைப் பற்றி. அவர் புத்தகங்களின் அட்டையில் இருக்கும் பெயர் ஜான் கிறிஸ்டோபர். பெற்றோர் வைத்த பெயர் சாம் யூட். விஞ்ஞானக் கதைகள் எழுதியவர். விஞ்ஞானக் கதை என்றதும் ராக்கெட்டும் சந்திர மண்டலமும்தான் என்று எண்ணி விடாதீர்கள். இவருடைய பேர்பெற்ற கதையில் குதிரை வண்டிதான் ஓடுகிறது.

கதை நடப்பது வருங்கால இங்கிலாந்தில். ஆனால் அங்கே மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. ஆடு மேய்க்கிறார்கள், கோதுமை அறுக்கிறார்கள், யாரும் யாரோடும் சண்டை பிடிப்பதில்லை. காரணம், வானத்திலிருந்து வந்தவர்கள் உலகத்தைப் பிடித்து நெடுங்காலம் ஆகிவிட்டது. மூன்று கால்கள் உள்ள ராட்சத இரும்பு யந்திரங்கள் ஊர் ஊராக நடமாடுகின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினான்கு வயது ஆனதும் அந்த யந்திரம் வந்து உள்ளே தூக்கிக் கொள்கிறது. திரும்பி வரும்போது தலை மழிக்கப்பட்டு, மண்டையோடு ஒட்டிய ஓர் உலோக வலைத்தொப்பி இருக்கும். அன்று ஊரெல்லாம் விருந்து. பிள்ளை பெரியவன் ஆகிவிட்டான் என்று தாய் தகப்பனுக்குச் சந்தோஷம். அதன் பிறகு அந்தப் பிள்ளை சாகும்வரை அந்த யந்திரங்களைத் தெய்வமாகக் கும்பிடும். எதிர்த்து ஒரு நினைப்பும் வராது.

வில் என்ற பதின்மூன்று வயதுப் பையன் மாவு ஆலைக்காரர் மகன். அவனுக்கு ஜாக் என்று ஓர் உறவுக்காரப் பையன், அவனைவிடக் கொஞ்சம் மூத்தவன். பழைய காலத்து மனிதர்கள் எவ்வளவு பெரிய கப்பல் கட்டியிருப்பார்கள், அந்த வித்தையெல்லாம் எங்கே போயிற்று என்று ஓயாமல் கேட்டுக் கொண்டிருந்தவன் ஜாக். தொப்பி வைத்த பிறகு அவனைப் பார்த்தால் சிரித்த முகம், நல்ல உழைப்பு. முன்பு பேசியதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று தள்ளி விடுகிறான். வில்லுக்கு அப்போதுதான் பயம் பிடிக்கிறது.

நம் தோட்டங்களில் யாரும் யார் தலையிலும் இரும்பு வைப்பதில்லை. ஆனால் நான் ஒரு வாத்தியார். நான்காம் வகுப்பில் மணிக்குப் பத்துக் கேள்வி கேட்டு என்னைத் திணற அடித்தவன், பதினைந்து வயதில் ஒரு கேள்வியும் இல்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் முன்னால் போவதைக் கண்டிருக்கிறேன். அதனால் ஜாக்கின் கதை எனக்கு வேற்றுக்கிரகத்துக் கதையாகத் தோன்றவில்லை.

வில் வீட்டைவிட்டு ஓடுகிறான். ஹென்றி என்ற சொந்தக்காரப் பையன் கூடச் சேர்கிறான். கடலைத் தாண்டி பிரான்சில் ஜான் பால் என்ற நெட்டைப் பையன் சேர்கிறான். அந்தப் பெயர் ஆங்கிலப் பிள்ளைகளின் காதில் 'பீன் போல்' என்று விழுகிறது. அவரைக் கொடிக்கு நடும் கம்பு என்று அர்த்தம். ஆள் ஒல்லி உயரம் ஆதலால் அதுவே பெயராகி விடுகிறது. மூவரும் தொப்பி வைக்காத மனிதர்கள் ஒளிந்து வாழும் பனிமலையைத் தேடிப் போகிறார்கள். இது 1967ல் வந்த முதல் புத்தகம், 'தி ஒயிட் மவுண்டன்ஸ்'. 'வெள்ளை மலைகள்' என்று பொருள். அதே ஆண்டில் இரண்டாவதும் 1968ல் மூன்றாவதும் வந்து கதை முடிந்தது.

இந்த முதல் புத்தகத்தில் ஓர் இடம் இருக்கிறது. ஆசிரியர் யார் என்பதை அந்த இடம் காட்டிவிடும். வழியில் வில் காய்ச்சலில் விழுகிறான். ஒரு பிரபுவின் கோட்டையில் அவனைத் தூக்கி வைத்துப் பார்த்துக் கொள்கிறார்கள். பிரபுவும் அவர் மனைவியும் தங்கமானவர்கள். மகள் எலோயிஸ் அவனிடம் பிரியமாக இருக்கிறாள். இங்கேயே இரு, எங்கள் பிள்ளையாகவே இரு என்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் தொப்பி இருக்கிறது. ஆனாலும் நல்லவர்கள், சந்தோஷமாக இருக்கிறார்கள். மலைக்குப் போனால் குளிர், பசி, ஒளிந்து வாழ்வது. பையன் தடுமாறுகிறான். தொப்பி வைத்தவர்களை முட்டாள்களாகவும் கொடியவர்களாகவும் காட்டியிருந்தால் கதை சுலபமாக ஓடியிருக்கும். இவர் அப்படிச் செய்யவில்லை. பிறகு ஊர் விழாவில் எலோயிஸை ராணியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ராணி ஆனவள் யந்திரக்காரர்களின் நகரத்துக்குப் போய்ச் சேவை செய்ய வேண்டும். அவள் அழவில்லை, பயப்படவில்லை. முகமெல்லாம் பூரிப்போடு புறப்படுகிறாள். அப்போதுதான் வில்லுக்கு உண்மை உறைக்கிறது.

இரண்டாவது புத்தகத்தில் வில்லே வேவு பார்க்க அந்த நகரத்துக்குள் அடிமையாகப் போகிறான். உள்ளே மூன்று கால், மூன்று கண், பச்சை உடம்பு கொண்ட எஜமானர்கள். அவர்கள் மூச்சு விடும் காற்று நமக்கு விஷம், உடம்பு பாறையாய்க் கனக்கும், தாங்க முடியாத வெக்கை. அடிமைப் பையன்கள் ஓரிரண்டு வருடத்துக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. வில்லின் எஜமான் அவனைச் செல்லமாகத் தடவிக் கொடுத்துப் பேசுகிறது. கூடப்போன ஜெர்மன் பையன் பிரிட்ஸின் எஜமான் அடித்து நொறுக்குகிறது. ஒருவனுக்கு நல்ல துரை, இன்னொருவனுக்குக் கெட்ட துரை. ஆனால் இருவருக்கும் ஆயுள் ஒன்றுதான். தடவிக் கொடுக்கும் அந்த எஜமான்தான், பூமியின் காற்றையே மாற்றி மனிதர்கள் அனைவரையும் அழிக்கப் போகும் திட்டத்தை ஏதோ வீட்டு விஷயம் போலச் சொல்கிறது. எலோயிஸையும் வில் அங்கே காண்கிறான். காட்சிசாலையில், கெடாமல் பதப்படுத்திய அழகுப் பொருளாக.

மூன்றாவதில் எஜமானர்களை வீழ்த்தும் ஆயுதம் எது தெரியுமா? சாராயம்! பிடிபட்ட ஒருவனுக்கு மதுசாரம் கொஞ்சம் பட்டதும் சுருண்டு விழுகிறான். அதையே நகரத்தின் குடிநீரில் கலந்து விடுகிறார்கள். நம் ஊரில் கள்ளும் சம்சுவும் எஜமானர்களை வீழ்த்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வீழ்ந்தது யார் என்று லயத்துக்கு லயம் தெரியும்.

மூன்று நகரங்களில் இரண்டு அப்படி விழுகின்றன. மூன்றாவதை அழிக்க ஹென்றி தன் உயிரைக் கொடுக்கிறான். விடுதலை வந்துவிட்டது. உடனே என்ன நடக்கிறது? தொப்பி கழன்ற மனிதர்கள் மாநாடு கூட்டி, நாடு நாடாகப் பிரிந்து சண்டை பிடிக்கிறார்கள். விடுதலைக்குத் தலைமை வகித்த கிழவர் ஜூலியஸைத் தோற்கடிக்கிறார்கள். பிள்ளைகள் புத்தகத்தில் இப்படி ஒரு முடிவா என்று கேட்கத் தோன்றும். பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்ற எண்ணம் உள்ளவர்தான் இப்படி எழுதுவார்.

இனி ஆளைப் பற்றி. 1922 ஏப்ரல் 16ல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு உள்ளூராட்சி அலுவலகத்தில் வேலைக்குப் போனார். பள்ளியோடு அவர் படிப்பு நிற்கவில்லை. பதினேழு வயதிலேயே விஞ்ஞானக் கதைப் பிரியர்களுக்கென்று சொந்தமாக ஒரு சிற்றிதழ் நடத்தினார். யுத்தத்தில் ராணுவத்தின் சமிக்ஞைப் படையில் இருந்தார். யுத்தம் முடிந்து 1949ல் முதல் நாவல். மனைவி, ஒரு மகன், நான்கு மகள்கள். நாவல் சோறு போடாது. தொழிற்சாலை வைரங்களைப் பற்றித் தகவல் திரட்டும் லண்டன் அலுவலகம் ஒன்றில் பகலில் வேலை, மற்ற நேரத்தில் எழுத்து. கிரிக்கெட் நாவலுக்கு ஒரு பெயர், துப்பறியும் நாவலுக்கு ஒரு பெயர், ஹிலரி ஃபோர்ட் என்று பெண் பெயர் ஒன்று, இப்படி ஏழெட்டுப் புனைபெயர்கள்.

அவருக்கு விடிவு கொடுத்தது 1956ல் வந்த 'தி டெத் ஆஃப் கிராஸ்', அதாவது புல்லின் சாவு. இது பெரியவர்களுக்கான நாவல். சீனாவில் நெற்பயிரில் ஒரு நோய் விழுகிறது. ஆசியாவில் பஞ்சம். அது எங்கோ நடக்கிறது என்று இங்கிலாந்துக்காரர்கள் பேசிக் கொண்டிருக்கையில், நோய் உருமாறிக் கோதுமையையும் வாற்கோதுமையையும் மேய்ச்சல் புல்லையும் தின்கிறது. நெல்லும் கோதுமையும் புல் இனம்தானே! பிள்ளை குட்டிகளோடு கிளம்பிய ஒரு கண்ணியமான குடும்பம், ரொட்டிக்காகக் கொலை செய்யும் நிலைக்கு வருகிறது. ரப்பர் மரத்தை நம்பி வாழ்ந்த நமக்கு இது வெறுங்கதை அல்ல. ரப்பரின் தாய்நாடான பிரேசிலில், மோட்டார் முதலாளி ஹென்றி ஃபோர்ட் 1928ல் தொடங்கிய மாபெரும் தோட்டத்தை உருப்படாமல் செய்ததில் இலைக்கருகல் நோய்க்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பூஞ்சைக் கிருமியை நம் பக்கம் அண்ட விடாமல் இன்றும் காவல் காக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு எழுதுங்கள் என்று பதிப்பாளர் கேட்டபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. எழுதி அனுப்பினால், முதல் பகுதி மட்டும் நன்று, மற்றதை மாற்றுங்கள் என்று அமெரிக்கப் பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்தது. பெரியவர்களுக்குப் பல புத்தகங்கள் எழுதியவர் அவர். உட்கார்ந்து திருப்பி எழுதினார். இதை என் மாணவர்களிடம் கட்டுரை நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் சொல்வதுண்டு.

1970ல் வந்த 'தி கார்டியன்ஸ்' எனக்கு அதைவிடப் பிடிக்கும். நெரிசலான நகரத்தில் மக்களை விளையாட்டும் பொழுதுபோக்கும் காட்டி அடக்கி வைத்திருக்கிறார்கள். வேலிக்கு அப்பால் பசுமையான கிராமத்தில் சீமான்கள். நகரத்து அநாதைப் பையன் ராப் வேலியைத் தாண்டிப் போய்ச் சீமான் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிடுகிறான். ஆளும் கூட்டத்தில் அவனையும் சேர்த்துக் கொள்ளத் தயார் என்கிறார்கள். அவனோ வேலியைத் தாண்டி நகரத்துக்கே திரும்புகிறான். இதற்கு 1971ல் இங்கிலாந்தில் கார்டியன் பரிசும், 1976ல் ஜெர்மனியின் இளைஞர் இலக்கியப் பரிசும் கிடைத்தன.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். சாகசம் எல்லாம் ஆண் பிள்ளைகளுக்குத்தான். நான்கு மகள்களைப் பெற்றவர் ஏன் பெண் பிள்ளைகளுக்கு இவ்வளவு குறைவாக வேலை கொடுத்தார் என்று என் வகுப்புப் பெண்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மூன்றுகால் யந்திரங்கள் இவ்வளவு பெரிய உலகத்தை எப்படிப் பிடித்தன என்று பலர் கேட்டதால், 1988ல் அதற்கு முன்கதை எழுதினார். பீரங்கியால் அல்ல, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியால்! பார்த்தவர்கள் மயங்கிப் போய்த் தாங்களாகவே தொப்பியைக் கேட்டு வாங்குகிறார்கள். இதை அவர் எழுதியபோது கைப்பேசி நம் கைகளுக்கு வந்திருக்கவில்லை.

2012 பிப்ரவரி 3ல், 89 வயதில், பாத் நகரத்தில் காலமானார். 1984லும் 1985லும் பி.பி.சி. இந்தக் கதையைத் தொலைக்காட்சித் தொடராகக் காட்டியது. இரண்டாவது புத்தகத்தோடு நிறுத்திவிட்டார்கள். முடிவு தெரிய வேண்டிய பிள்ளைகள் மூன்றாவது புத்தகத்தைத் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. உங்கள் பிள்ளை ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் படிக்கக் கூடியவன் என்றால் நூலகத்தில் முதலில் 'தி ஒயிட் மவுண்டன்ஸ்' கேட்கச் சொல்லுங்கள். வாக்கியங்கள் சிறியவை, எளியவை. புல் செத்த கதையை மட்டும் நீங்கள் படியுங்கள். பிள்ளைக்கு இப்போது வேண்டாம்.