விடுதி அவர்களுடையது, நேரம் உன்னுடையது!

"அண்ணே! சிங்கப்பூரில் கட்டட வேலை கிடைத்துவிட்டது. எந்தப் பகுதியில் குடியிருக்கலாம்?" என்று கேட்கிறாய், தம்பி! பகுதி பார்ப்பது கணினி தட்டச் செல்வோர் கவலை. கல் சுமக்கும் உனக்கு அரசு அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விட விதியே இடந்தராது. முதலாளி காட்டும் விடுதியே வீடு! அவ்விடுதிகளின் நெரிசலை 2020இல் கொரோனா ஊரறியக் காட்டிற்றே, மறந்தோமா நாம்? தேக்காவும் சிராங்கூன் சாலையும் உனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சொந்தம், அவ்வளவே.

வேலை நேரமோ வேறு. வாரம் 44 மணி என்கிறது அந்நாட்டுச் சட்டம். அதற்குமேல் உழைத்தால் அடிப்படைக் கூலியில் ஒன்றரை மடங்கு! 2016 முதல், விவரமான சம்பளச் சீட்டும் தந்தாக வேண்டும். "இந்த நாட்டு வழக்கம் இப்படித்தான்" என்று மேஸ்திரி மிரட்டலாம். வழக்கம் வேறு, சட்டம் வேறு என்கிறோம் நாம். பெட்டியில் ஊறுகாயோடு ஒரு குறிப்பேடும் வை. வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் அன்றாடம் எழுது. சீட்டு வந்ததும் ஒத்துப்பார்!