மூளையின் குருதியும் கரியமிலவாயுவும்

ஈரவிறகு மூட்டிய அடுப்பின்முன் குந்தி, ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டு இடைவிடாமல் ஊதுகிறவர்களுக்குச் சற்றைக்கெல்லாம் தலை கிறுகிறுத்து, உதடும் விரல்நுனியும் மரமரத்து, கண்ணும் இருட்டிக்கொண்டு வருவதுண்டு. புகையின்மேல் பழியைப் போட்டுவிடுவது வழக்கம். புகையே இல்லாத கூடத்தில் பலூன் ஊதும் குழந்தைக்கும் இதுவே நேர்கிறது. மூச்சை வேகவேகமாக வெளியேற்றும்போது ரத்தத்திலுள்ள கரியமிலவாயு அளவுக்கு மீறிக் குறைந்துவிட, அதன் விளைவாக மூளைக்குள் இருக்கும் சிறு தமனிகள் சுருங்கிக்கொள்வதே இக்கிறுகிறுப்புக்குப் பிரதான காரணம்.

தேகத்தின் எடையில் நூற்றுக்கு 2 பங்கே உள்ள மூளை, இருதயம் இறைக்கும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 பங்கைப் பெற்றுக்கொள்கிறது. நிமிஷத்திற்குச் சுமார் 750 மில்லிலிட்டர். கழுத்தின் வழியே ஏறிச்செல்லும் நான்கு தமனிகள் மூளையின் அடியில் ஒரு வளையமாகக் கூடுகின்றன. இவ்வளையத்தை 1664-ல் விவரித்த தாமஸ் வில்லிஸின் நூலுக்குப் படம் வரைந்தவர், பிற்காலத்தில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டபர் ரென் என்பது ஒரு சுவாரசியமான செய்தி.

ரத்த அழுத்தம் ஓரளவு ஏறினாலும் இறங்கினாலும் இத்தமனிகள் தம்மைத் தாமே சரிசெய்துகொண்டு ஓட்டத்தை ஒரே நிதானத்தில் வைத்திருக்கும். ஆனால் கரியமிலவாயுவின் விஷயத்தில் அவற்றுக்கு அந்த உதாசீனம் கிடையாது. ரத்தத்தில் கரைந்த இவ்வாயு குழாய்ச் சுவரைச் சுலபமாகக் கடந்துசென்று, சுற்றியுள்ள நீரில் அமிலத்தன்மையை உண்டாக்க, சுவரிலுள்ள தசைநார்கள் தளர்ந்து குழாய் அகலமாகிறது; வாயு குறைந்தால் தசை இறுகிக் குழாய் ஒடுங்குகிறது. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் சாதாரணமாகப் பாதரச அளவில் 40 மில்லிமீட்டர். அது 80 ஆனால் மூளைக்குச் செல்லும் ரத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், 20-க்கு இறங்கினால் பாதியாகும்.

மனிதரிடம் இதை அளந்து காட்டியவர்கள் பிலடெல்பியாவில் ஆராய்ந்த சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும். சிரிப்பூட்டும் வாயுவைச் சிறிதளவு சுவாசிக்கச் செய்து, ஒரு தமனியிலிருந்தும், காதுக்குப் பின்னுள்ள எலும்பின் கீழே ஊசி செலுத்தி மூளையிலிருந்து திரும்பும் நாளத்திலிருந்தும் ரத்தம் எடுத்து, இரண்டிலும் அவ்வாயு இருந்த அளவின் வித்தியாசத்தைக் கொண்டு ஓட்டத்தைக் கணித்தார்கள். கரியமிலவாயு கலந்த காற்றைச் சுவாசித்த வாலிபர்களிடம் ஓட்டம் வெகுவாகப் பெருகியதையும், வேகமாக மூச்சுவிட்டவர்களிடம் அது குன்றியதையும் 1948-ல் வெளியிட்டார்கள்.

வேகமாக மூச்சிழுத்தால் மூளைக்குப் பிராணவாயு பெருகும் என்று உபதேசிப்பவர்களிடம் எனக்குச் சற்று மனத்தாங்கல் உண்டு. ஆரோக்கியமான மனிதனின் தமனி ரத்தம் முன்னமேயே பிராணவாயுவால் அநேகமாக நிறைந்துதான் இருக்கிறது. மேலும் இழுப்பதால் சேர்வது சொற்பம், குழாய் ஒடுங்குவதால் இழப்பதோ அதிகம்.

இந்தச் சுருக்கத்தையே வைத்தியர்கள் உபயோகித்துக்கொண்டதும் உண்டு. தலையில் அடிபட்டு மூளை வீங்கும்போது, சுவாசக் கருவியின் வேகத்தைக் கூட்டிக் கரியமிலவாயுவைக் குறைத்தால், ரத்தம் குறைந்து மண்டைக்குள் அழுத்தமும் தணியும். ஆயினும் சில மணி நேரத்தில் அப்பயன் தேய்ந்துவிடுவதோடு, அடிபட்ட மூளை ரத்தமின்றி வாடவும் கூடுமாதலால், உயிராபத்தான வேளையில் சிறிது நேரத்திற்கு மட்டுமே இப்போது அதைக் கையாளுகிறார்கள். மற்றபடி, வெளிமூச்சின் கரியமிலவாயுவைக் காட்டும் திரையில் எண் 35-க்குக் கீழே சரியாதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.