எண்ணூர்ச் சேற்றில் என்ன இருக்கிறது?

“கடல் கூப்பிடு தூரத்தில்தானே இருக்கிறது, எண்ணூர் ஆற்றில் விழும் கழிவு கடலோடு போய்விடாதா?” என்று திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முழுவதும் போகாது. கணிசமான பகுதி முகத்துவாரத்துக்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. அதற்குக் காரணம் உப்பு.

கொசஸ்தலையாறு வயல்களின் உரநீரோடு வருகிறது. பக்கிங்காம் கால்வாய் சாக்கடையைக் கொண்டுவருகிறது. மணலி ஆலைகளின் கழிவும், அனல்மின் நிலையக் குழாய்கள் உடைந்து வழிந்த சாம்பல் குழம்பும் இங்கேதான் சேருகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்த எண்ணெய் படகு, வலை, அலையாத்திச் செடி என்று எதையும் விடவில்லை. இவையெல்லாம் செய்திகளில் வந்தவைதான். கழிமுகத்துக்குள் நுழைந்தபின் நடப்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

ஆற்றுநீரில் வரும் களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. ஒவ்வொன்றின் மேலும் எதிர் மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே கலங்கலாக மிதக்கும். கடல்நீர் கலந்ததும் அதிலுள்ள சோடியம், மெக்னீசியம் அயனிகள் அந்தத் தள்ளலை அடக்கிவிடுகின்றன. துகள்கள் ஒட்டித் திரண்டு, கனத்து, அடியில் இறங்குகின்றன. ஏரித் தண்ணீர் கலங்கி வந்தால் என் பாட்டி பானைக்குள் தேற்றாங்கொட்டையை உரைப்பார். சற்று நேரத்தில் மண்ணெல்லாம் அடியில் கிடக்கும். கழிமுகத்தில் அந்த வேலையை உப்பு செய்கிறது. ஆனால் இங்கே களிமண் தனியாக இறங்குவதில்லை. ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களையும் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு இறங்குகிறது.

அதனால் நீரை மட்டும் ஒரு புட்டியில் பிடித்துச் சோதித்துவிட்டு ஆறு நன்றாக இருக்கிறது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இறால் பகலில் புதைந்து கிடப்பது சேற்றுக்குள். கழுத்தளவு நீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவி அந்த இறாலைப் பிடிக்கிறவர்கள் இருளர்கள். அவர்கள் விரல் படும் இடத்திலிருந்துதான் முதல் மாதிரியை எடுக்க வேண்டும்.

தூர்வாரினால் தீர்ந்துவிடும் என்பவர்களும் உண்டு. காற்றுப்படாமல் கிடந்த சேற்றைக் கிளறினால், அதற்குள் அடங்கியிருந்த உலோகங்களில் ஒரு பகுதி மறுபடி நீரில் கரையும். முதலில் குழாய்க் கசிவை அடைக்க வேண்டும். பிறகு வாரலாம், வாரியதைக் கரையில் குவிக்கக் கூடாது, அடுத்த மழைக்கே அது ஆற்றுக்குள் இறங்கிவிடும்.